குடத்தை விட்டுவிட்டு ஓடியவள்

விசுவாசிகளைக் குறித்துத் தேவன் கொண்டுள்ள நோக்கம் என்ன என்பதே இந்தக் கருத்தரங்கின் கேள்வி. தளேகாவில் கூடி இதைக் கேட்பவர்கள் பதிலுக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. இவ்வூர் வழியே வரும் மும்பை ரயில் பாதை புனேயைக் கடந்து தவுண்ட் பக்கம் நீள்கிறது. அந்தப் பாதையில் இருக்கும் கேட்காவ்தான் பண்டித ரமாபாயின் ஊர்.

1858-இல் பிறந்த ரமாபாய், சமஸ்கிருதப் பண்டிதர் அனந்த சாஸ்திரி டோங்ரேயின் மகள். புராணம் வாசித்துப் பிழைத்த அந்தக் குடும்பம் கோயில் கோயிலாக நடந்தது. 1870-களில் சென்னை மாகாணத்தில் பஞ்சம். தந்தை, தாய், அக்காள் என்று சில மாதங்களுக்குள் மூவரையும் பட்டினி கொண்டுபோயிற்று. மிஞ்சிய அண்ணனும் தங்கையும் கால்நடையாகவே நாட்டைச் சுற்றினார்கள். 1878-இல் கல்கத்தா அறிஞர்கள் அந்த இளம்பெண்ணுக்குப் பண்டிதை, சரஸ்வதி என்று பட்டம் தந்தார்கள்.

1883-இல் இங்கிலாந்து சென்றபோது, வழிதவறியவர்கள் என்று ஊர் ஒதுக்கிய பெண்களைக் கன்னியர்கள் அன்போடு பராமரிப்பதைப் பார்த்தார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். யோவான் 4-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார்கள். உச்சிவெயிலில் தனியாகத் தண்ணீர் எடுக்க வந்த சமாரியப் பெண். அவளிடமே தண்ணீர் கேட்ட இயேசு. கொண்டுவந்த குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு அவள் ஊருக்குள் ஓடியது. அதே ஆண்டு ரமாபாய் ஞானஸ்நானம் பெற்றார்.

கதையை இங்கேயே முடித்துவிடுகிறவர்கள் அதிகம். ரமாபாய் அப்படி முடிக்கவில்லை. தனக்குக் கிடைத்தது கிறிஸ்து மார்க்கம்தான், கிறிஸ்து அல்ல என்று ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்தே உணர்ந்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார். எத்தனை நேர்மை! கன்னியர்களோடு கோட்பாட்டு வாதம் செய்து சளைக்காத அறிவாளி, அறிவு மட்டும் போதாது என்று ஒப்புக்கொண்டார்.

நம் கேள்விக்கு வேதம் தரும் பதிலும் அறிவோடு நிற்பதில்லை. ரோமர் 8-இன் 28-ஆம் வசனம் பலருக்கு மனப்பாடம். எல்லாம் நன்மைக்கே என்ற ஆறுதலோடு பிரசங்கமும் நின்றுவிடுகிறது. அந்த நன்மை என்னவென்று அடுத்த வசனம் சொல்கிறது: விசுவாசி குமாரனின் சாயலை அடைய வேண்டும். எபேசியர் 2-ஆம் அதிகாரமும் அப்படித்தான். கிருபையால் இரட்சிப்பு என்று சொன்ன கையோடு, நற்செயல்களுக்காகவே விசுவாசி உருவாக்கப்பட்டிருக்கிறான் என்கிறது.

ரமாபாயின் வாழ்வில் அந்த நற்செயல்களைப் பார்க்கலாம். 1896-இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தபோது, இந்தியா திரும்பியிருந்த, பசியை முன்பே அறிந்த ரமாபாய் நேரே அங்கே போனார். ஏறத்தாழ 300 பெண்களையும் சிறுமிகளையும் அழைத்து வந்தார். பிளேக் கட்டுப்பாடுகளால், புனேயில் அவர் நடத்திவந்த சாரதா சதன் என்ற பெண்கள் இல்லத்தில் அத்தனை பேரை வைத்திருக்க முடியவில்லை. கேட்காவ் நிலத்தில் கொட்டகைகள் எழுந்தன. முக்தி சதன் பிறந்தது. 1900-இன் குஜராத் பஞ்சத்துக்குப் பிறகு அங்கே இருந்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். நெசவு, எண்ணெய்ச் செக்கு, அச்சகம் எல்லாம் பெண்கள் கையில். பார்வையற்றவர்களுக்கும் அங்கே கல்வி கிடைத்தது.

எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. பஞ்சத்துக்கு முன்பே, 1893-இல், சாரதா சதனில் மதமாற்றம் நடக்கிறது என்று திலகரின் கேசரி பத்திரிகை குற்றம் சாட்டியது. பல குடும்பங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. அந்த விவாதத்தை இந்த அவை மூடி மறைக்காமல் பேச வேண்டும்.

கடைசிக் காலத்தில் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, எளிய கிராமத்துப் பெண்ணுக்கும் புரியும் மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சேற்றியவர்கள் முக்தியின் பெண்களே. 1922 ஏப்ரல் 5-இல் ரமாபாய் காலமானார். முழு வேதாகமம் 1924-இல் வெளிவந்தது.

முக்தி மிஷன் இன்றும் கேட்காவில் நடக்கிறது. கட்டுரைகள் வாசித்து முடிந்ததும், ஊர் திரும்பும் முன் ஒருநாள் ஒதுக்கி அங்கே போய்வாருங்கள்.