இரைச்சலுக்கு மதிப்பெண் குறைக்கலாமா?

(நாமக்கல் மாவட்டத்தில் குறுவள மையக் கூட்டமொன்றில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆறாம் வகுப்பில் ஆங்கிலக் கேட்டல் பயிற்சி நடத்தினேன். ஸ்பீக்கரில் வரும் சொற்களைக் கேட்டுப் பிள்ளைகள் எழுத வேண்டும். முன்வரிசைப் பிள்ளைகள் 'கேட்ஸ்' என்று சரியாக எழுதினார்கள். கடைசி வரிசையில் ஏழெட்டுப் பேர் 'கேட்' என்று எழுதியிருந்தார்கள். ஒருமை பன்மை தெரியவில்லை என்று நினைத்துச் சிவப்பு மையால் சுழித்தேன். ஒரு சிறுமி, "சார், எங்களுக்கு 'உஸ்'ஸுனு சத்தம்தான் சார் கேட்டுச்சு" என்றாள். அவள் இடத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். எனக்கும் அந்தக் கடைசி ஒலி கேட்கவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. 'ஸ்', 'ஃப்' போன்ற ஒலிகள் வலுக் குறைந்தவை. அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். ஸ்பீக்கரின் இரைச்சலும் அங்கே பரவி நிற்கிறது. வலுவான உயிரொலி தப்பிவிடும். மெல்லிய மெய்யொலி மூழ்கிவிடும். வகுப்பறையில் பேச்சொலி இரைச்சலைவிட 15 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பார்கள். காது சற்று மந்தமான பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்துப் பள்ளிகளில் பாதிச் சத்தம் விசைத்தறியுடையதாக இருக்கும். அதற்கு மருந்து ஜன்னல் கதவுதான்.

ஸ்பீக்கர் சத்தம்தான் என்று உறுதியானால், அது 'உஸ்'ஸா, 'உம்ம்'மா என்று பாருங்கள். இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

'உஸ்' என்ற இரைச்சல் பெரும்பாலும் நாம் ஒலியளவை வைக்கும் முறையால் வருகிறது. கணினியில் ஒலியைக் குறைத்து வைத்து, ஸ்பீக்கர் திருகை முழுவதும் திருப்பினால், வருகிற சிறு இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். மாற்றிச் செய்யுங்கள்: கணினியில் முக்கால் பங்குக்கு மேல், ஸ்பீக்கரில் தேவையான அளவு மட்டும். பயன்படுத்தாத மைக் இணைப்பைக் கணினியின் ஒலி அமைப்பில் அணைத்துவிடுங்கள். திருகைத் திருப்பும்போது மட்டும் 'கரகர' என்றால் உள்ளே தூசி படிந்திருக்கிறது. ரேடியோ, டிவி பழுது பார்ப்பவர் சுத்தம் செய்து தருவார்.

'உம்ம்' என்ற உறுமல் மின்சாரத்திலிருந்து வருவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். உறுமலும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் இருக்கும். ஸ்பீக்கரிலிருந்து கணினிக்குப் போகும் ஆடியோ வயரைக் கணினிப் பக்கம் கழற்றி, முனையைத் தொடாமல் கேளுங்கள். உறுமல் நீடித்தால் பழுது ஸ்பீக்கரிலோ அந்த வயரிலோ இருக்கலாம், நின்றால் கணினியுடனான இணைப்பில் இருக்கலாம். மடிக்கணினியானால் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உடனே நின்றால், கணினியும் ஸ்பீக்கரும் வெவ்வேறு வழியில் எர்த்தைத் தொடுகின்றன, இடையில் ஆடியோ வயர் வழியே சிறு மின்னோட்டம் சுற்றுகிறது என்று பொருள். கணினி, புரொஜெக்டர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு பொருளை ஆடியோ வயரின் இடையில் மாட்டலாம். ஆடியோ வயரை மின்வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பெரிய ஸ்பீக்கரை இரும்பு பீரோ மேல் வைத்தால் பீரோவும் சேர்ந்து உறுமும், இறக்கி வையுங்கள்.

இனி நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த பள்ளியில் உறுமல் நிற்கவே இல்லை. கணினியின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை விலக்கி, இரண்டு முள் அடாப்டரில் செருகினேன். உறுமல் நின்றது, எல்லோரும் பாராட்டினார்கள். சில நாள் கழித்து ஒரு மாணவி கணினிப் பெட்டியைத் தொட்டு, 'ஆ' என்று கையை இழுத்துக்கொண்டாள். பெட்டிக்குள் உள்ள மின்வழங்கியிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம் எர்த் வழியாகத்தான் போக வேண்டும். நான் அந்த வழியை அடைத்துவிட்டேன். அன்று கிடைத்தது சிறு ஷாக். உள்ளே வயர் பழுதாகியிருந்தால் 230 வோல்ட்டும் அந்தப் பெட்டியில் வந்திருக்கும். நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. உறுமல் தொல்லைதான், ஆனால் அதற்காக எர்த் முள்ளை யாரும் எடுக்கக் கூடாது.

நம் சேலம், நாமக்கல் பக்கம் சித்திரை வெயிலில் மண் காய்ந்து போகும். எர்த் குழியும் காயும். காய்ந்த மண் மின்சாரத்தை நன்றாக உள்வாங்காது. கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, ஆண்டுக்கு ஒருமுறை எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த்தை அளக்க ஏற்பாடு செய்யுங்கள். அது நாம் கை வைக்கும் வேலை அல்ல.

அன்று மறுநாள் ஒலியளவைச் சரிசெய்து அதே பயிற்சியை மீண்டும் வைத்தேன். கடைசி வரிசையில் ஒருவரைத் தவிர எல்லோரும் 'கேட்ஸ்' என்று எழுதினார்கள். அந்த ஒருவனிடம் தனியே பேசியபோதுதான் அவனுக்கு ஒரு காது சரியாகக் கேட்பதில்லை என்று தெரிந்தது. இரைச்சல் இருந்தவரை அவன் கூட்டத்தில் மறைந்திருந்தான்.

அடுத்த கேட்டல் பயிற்சிக்கு முன் இரண்டு நிமிடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். சிவப்பு மை அதற்குப் பிறகு போதும்.