பர்மிய அகதி இளைஞர்களின் கல்வியும் எதிர்பார்ப்பும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

பர்மா என்னும் பெயர் நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் பலர் ரங்கூனில் வணிகம் செய்தவர்கள். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது கால்நடையாகவும், 1960-களில் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டபின் கப்பலிலும் திரும்பி வந்த குடும்பங்கள் தமிழகத்தின் பல ஊர்களில் உள்ளன. அவர்கள் பொருளை இழந்தார்கள். ஆயினும் அவர்களை ஏற்க ஒரு நாடும், அவர்களின் பிள்ளைகளைச் சேர்க்கப் பள்ளிக்கூடமும் இருந்தன. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டுள்ள ரோஹிங்கியா இளைஞர்களுக்கு இவ்விரண்டும் இல்லை.

அரக்கான் என்று முன்பு வழங்கப்பட்ட ரக்கைன் மாநிலமே இவர்களின் பூர்வீகம். 1982-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 2012-ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின்னர் சிட்வே பல்கலைக்கழகத்தின் கதவுகள் ரோஹிங்கியா மாணவர்களுக்கு மூடப்பட்டன. 2017 ஆகஸ்டில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையால் 7 இலட்சத்திற்கும் அதிகமானோர் பங்களாதேஷுக்குள் தஞ்சம் புகுந்தனர். காக்ஸ் பஜார் மாவட்டத்து முகாம்களில் இன்று 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 18 வயதிற்குட்பட்டவர்கள்.

அங்குப் படிப்பே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். மூங்கிலாலும் தார்ப்பாயாலும் அமைந்த கற்றல் மையங்கள் இருக்கின்றன. ஆனால் முகாமுக்கு வெளியே உள்ள பள்ளிகளில் சேர அகதிப் பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. தம் அடையாளத்தை மறைத்து அப்பள்ளிகளில் படித்துவந்த மாணவர்கள் 2019-இல் கண்டறியப்பட்டு வெளியேற்றப்பட்டனர். மியான்மர் நாட்டுப் பாடத்திட்டத்தை முகாம்களில் கற்பிக்க 2020 ஜனவரியில் பங்களாதேஷ் அரசு இசைவளித்தது. கொரோனாத் தொற்றினால் தாமதமாகி, 2021 இறுதியில் அது தொடங்கிற்று. 2023-ஆம் ஆண்டில் பத்தாம் வகுப்புவரை விரிவடைந்தது. பிள்ளைகள் மகிழ்ச்சியோடு சேர்ந்தனர். எனினும் 2025 ஜூன் மாதத்தில், பன்னாட்டு நிதியுதவி குறைந்ததன் காரணமாக, இரண்டு இலட்சத்திற்கும் அதிகமான குழந்தைகளின் வகுப்புகள் தடைப்பட்டன.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வகுப்பு நடந்தாலும், அதன் முடிவில் எந்த நாடும் ஏற்கும் சான்றிதழ் கிடைப்பதில்லை. பத்து ஆண்டுகள் படித்த மாணவன், படிக்காதவனோடு ஒரே வரிசையில் நிற்கிறான். மருத்துவராக வேண்டும், ஆசிரியராக வேண்டும், தம் மக்களுக்காக வாதாடும் வழக்கறிஞராக வேண்டும் என்பதே அவ்விளைஞர்களின் ஆசை. அந்த ஆசைக்கு வழி அடைபடும்போது வேறு வழிகள் அவர்களைத் தேடி வருகின்றன. மலேசியா சென்றால் வேலை கிடைக்கும் என்று ஆசைகாட்டும் ஆள்கடத்தல்காரர்களின் படகு ஒன்று. முகாம்களிலிருந்து 2024-இல் இளைஞர்களை வலிந்து இழுத்துச் சென்ற ஆயுதக் குழுக்கள் மற்றொன்று.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. பருவமடைந்ததும் பாதுகாப்பை எண்ணிப் பெற்றோர் அவர்களை வீட்டில் நிறுத்திவிடுகின்றனர். பெண்களுக்கெனத் தனி வகுப்பும் பெண் ஆசிரியையும் அமையுமிடத்தில் அவர்கள் வரத்தான் செய்கிறார்கள். சிட்டகாங் நகரிலுள்ள ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம் ரோஹிங்கியா மாணவியரைச் சேர்த்துக் கற்பித்து வருவது, வாய்ப்பளித்தால் அவர்கள் எதுவரை உயர்வார்கள் என்பதற்குச் சான்றாகும்.

நம் நாட்டிலும் ரோஹிங்கியா குடும்பங்கள் உள்ளன. ஆதார் அட்டை இல்லையென்று டெல்லியில் அவர்களின் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை மறுக்கப்பட்டதாக வழக்கு எழுந்தது. கல்வியில் எந்தக் குழந்தைக்கும் பாகுபாடு காட்டலாகாது என்று 2025 பிப்ரவரியில் கருத்துத் தெரிவித்த உச்ச நீதிமன்றம், அக்குழந்தைகள் அரசுப் பள்ளிகளை அணுகலாம் என்றும், மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்றும் கூறியது. இது நாம் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

அன்பர்களே! அகதி என்றதும் அரிசியும் போர்வையும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை தேவைதான். ஆனால் 2021 மார்ச்சில் முகாமில் பரவிய பெருந்தீ ஆயிரக்கணக்கான குடில்களை ஒரே நாளில் சாம்பலாக்கியதை நாம் அறிவோம். கொடுத்த பொருள் அவ்வாறு அழியலாம். கற்ற எழுத்தை எவரும் பறிக்க இயலாது. பத்ருப் போரின் கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், பத்துச் சிறுவர்களுக்குக் கற்பிப்பதையே தம் விடுதலைக்கு ஈடாகச் செலுத்திய வரலாறு நமக்குரியது.

ஆகவே, நம் பகுதியில் எந்த அகதிக் குழந்தையேனும் பள்ளி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால், அக்குழந்தையின் பெற்றோருடன் தலைமை ஆசிரியரிடமும் கல்வி அலுவலரிடமும் செல்ல நம் ஜமாஅத்திலிருந்து இருவரேனும் முன்வர வேண்டும். அகதிகளுக்கென உதவி வழங்க எண்ணுவோர், அதில் ஒரு பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, முறையாகப் பதிவு பெற்ற நிறுவனங்கள் வாயிலாகச் சேர்ப்பிக்க வேண்டும். இவ்விரண்டையும் இப்பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு, அவ்விளைஞர்களின் நல்வாழ்வுக்கு துஆச் செய்து அமைகிறோம்.