கோட்டுப் போட்டால்தான் சாப்பாடா?

உல்லாசக் கப்பலில் இரவு விருந்துக்கு உடைக் கட்டுப்பாடு கண்டிப்பாக வேண்டும் என்பது எங்கள் அணி. எதிரணித் தம்பி கேட்டார்: "சாப்பாடு வயித்துக்குத்தானே போகுது, கோட்டு எதுக்கு?" அப்படியானால் மேஜை விரிப்பு எதுக்கு தம்பி? (சிரிப்பு)

ஐயா, 'குயின் மேரி 2' என்று ஒரு கப்பல். 2004-லிருந்து ஓடுகிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏழு ராத்திரிப் பயணம். அதில் சில இரவுகளில் பெரிய விருந்து. ஆண்களுக்குக் கருநிறக் கோட்டு, டை. பெண்களுக்கு விருந்துக்கேற்ற உடை. மாட்ட மனசில்லையா? பட்டினி போடவில்லை ஐயா! அதே கப்பலில் பஃபே இருக்கிறது. சாதாரண உடையில் போய் வயிறாரச் சாப்பிடலாம்.

அதுவும் பிடிக்கலையா? நார்வீஜியன் குரூஸ் லைன் கம்பெனி 2000-லேயே அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. அங்கே போங்களேன்!

நாற்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதி. "ஒரு ராத்திரியாவது ராஜா ராணி மாதிரி உட்காரணும்" என்று காசு சேர்த்து வருகிறார்கள். பக்கத்து மேஜையில் அரை டிராயரோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால்? அவருக்குப் போக வேறு இடம் உண்டு. இவர்களுக்கு இந்த ஒரு கூடம்தானே! அதையும் பறிப்பதற்குப் பெயர் சுதந்திரமா? (கைதட்டல்)

விதியை எழுதி வைத்துவிட்டு வாசலில் கண்ணை மூடிக்கொண்டால், மதித்து நடந்தவன்தான் முட்டாளாகிறான். ஆகவே கண்டிப்பு வேண்டும் என்று கூறி அமர்கிறேன்.