திருந்தத் தயங்கும் உள்ளம்

 



ஒரு சமுதாயத்தார் தம் உள்ளங்களில் உள்ளதை மாற்றிக்கொள்ளாதவரை அல்லாஹ் அவர்களின் நிலையை மாற்றுவதில்லை என்ற கருத்தை, திருக்குர்ஆனின் 13-ஆவது அத்தியாயமான அர்ரஃதின் 11-ஆவது வசனத்தில் காண்கிறோம். நம் மேடைகளில் மிக அதிகமாக ஓதப்படும் வசனங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் அதை ஓதுகிறவரும் சரி, கேட்கிறவரும் சரி, அந்த நேரத்தில் பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரரைத்தான் நினைத்துக்கொள்கிறோம்.

தவறு என்று தெரியாததால்தான் மனிதன் திருந்தாமல் இருக்கிறான் என்று எண்ணி, நாங்களும் வாராவாரம் தெரிவித்துக்கொண்டே இருக்கிறோம். வட்டி ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் நம் மஹல்லாவில் உண்டா? கைக்கூலி வாங்குவது இழிவு என்பதை அறியாத மாப்பிள்ளை வீட்டார் உண்டா? அறிவு இருக்கிறது, கால்தான் எழவில்லை.

அண்ணலாரின் பெரிய தந்தை அபூதாலிப் அவர்களின் இறுதி நேரத்தை எண்ணிப் பாருங்கள். தம் தம்பி மகன் பொய் சொல்லாதவர் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்? மரணப் படுக்கையில் நபி (ஸல்) அவர்கள் கலிமாவைச் சொல்லுமாறு மன்றாடுகிறார்கள். அருகில் அபூஜஹ்லும் அப்துல்லாஹ் பின் அபீஉமய்யாவும் அமர்ந்திருக்கிறார்கள். அப்துல் முத்தலிபின் மார்க்கத்தையா புறக்கணிக்கப் போகிறீர் என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மரண பயத்தால் மாறிவிட்டார் என்று குறைஷியர் பேசுவார்களே என்பதுதான் தமக்குத் தடை என அவர் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. உயிர் பிரியும் வேளையிலும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சுகிறது மனித உள்ளம்.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. ஹிஜ்ரி 484-இல், அதாவது கி.பி. 1091-இல், பக்தாத் நிழாமிய்யா மதரஸாவின் தலைமை ஆசிரியராக அவர்கள் பொறுப்பேற்றார்கள். ஏறத்தாழ 300 மாணவர்கள் அவர்களிடம் பயின்றார்கள். அத்தனை புகழுக்கும் நடுவில், தாம் பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காக அன்று, பெயருக்காகவும் பதவிக்காகவுமே என்பதை அவர்களின் உள்ளம் கண்டுகொண்டது. கண்டுகொண்ட அன்றே புறப்பட்டுவிட்டார்களா? இல்லை. ஹிஜ்ரி 488 ரஜப் மாதம் தொடங்கி ஏறக்குறைய ஆறு மாத காலம் ஊசலாடினார்கள். காலையில் புறப்படத் துணிந்தால் மாலையில் அத்துணிவு கரைந்துவிடும். இறுதியில் நாவே கட்டுண்டது, பாடம் நடத்த வாய் எழவில்லை, உணவும் செல்லவில்லை. நோய் உடலில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். அதன் பிறகே செல்வத்தைப் பகிர்ந்தளித்து, குடும்பத்தின் தேவைக்கு மட்டும் வைத்துவிட்டு வெளியேறினார்கள். அப்போதும் ஷாமுக்குச் செல்லும் எண்ணத்தை மறைத்து, மக்காவுக்குப் போவதாகவே வெளியில் சொன்னார்கள். தெரிந்தால் தடுத்துவிடுவார்கள் என்ற அச்சம்!

இவற்றையெல்லாம் அவர்களே மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள். 'இஹ்யா'வில் தவ்பாவைத் தள்ளிப்போடுகிறவனைப் பற்றியும் ஓர் உவமை சொல்கிறார்கள். ஒருவன் ஒரு மரத்தைப் பிடுங்க வருகிறான். அது வலுவாக இருப்பதைக் கண்டு, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் போகிறான். ஆண்டுதோறும் மரத்துக்கு வேர் ஆழமாகிறது. இவனுக்கோ வயது கூடிப் பலம் குறைகிறது. மகளின் திருமணம் முடியட்டும், ஹஜ்ஜுக்குப் போய்வந்து பார்க்கலாம் என்று நாம் சொல்லும் தவணைகளெல்லாம் அந்த மரத்துக்கு ஊற்றும் தண்ணீரே.

அவ்வாறானால் எப்படித்தான் நகர்வது?

புகைப் பழக்கமுள்ள சகோதரர்களைக் கேட்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு மணி நேரம்கூட இல்லாமல் இருக்க முடியாது என்கிறீர்கள். ரமளானில் ஸஹர் முடிந்து மஃரிப் வரை ஏறக்குறைய 13, 14 மணி நேரம் தொடாமல் இருந்தவர் யார்? நீங்கள்தானே! நோன்புக் கஞ்சி குடித்த கையோடு பள்ளிவாசலின் பின்வாசலுக்கு விரைகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் பகல் முழுதும் தாங்கினீர்கள். ஈமான் தாங்கியது, அத்தோடு, வீடும் தெருவும் கடைவீதியும் உங்களோடு சேர்ந்து நோன்பிருந்ததும் தாங்கியது. ஷவ்வால் பிறந்ததும் அந்தத் துணை கலைந்துவிடுகிறது. தேநீர்க் கடையின் பழைய இருக்கை அழைக்கிறது.

இதனால்தான் நூறு கொலை செய்தவரின் ஹதீஸில் அந்த ஆலிம், தவ்பாவுக்குத் தடையில்லை என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. உன் ஊர் கெட்ட ஊர், அங்கே திரும்பிப் போகாதே, நல்லோர் வாழும் இன்ன ஊருக்குச் செல் என்று வழியும் காட்டினார். அம்மனிதர் அந்த ஊரைச் சென்றடையவில்லை. பாதி வழியில் இறந்துபோனார். அளந்து பார்த்தபோது நல்லூருக்கே ஒரு சாண் அளவு நெருக்கமாக இருந்தார், மன்னிக்கப்பட்டார். நாம் ஊரை விட வேண்டியதில்லை. மாலை நேரத்து இருக்கையை மாற்றினாலே சிலருக்குப் போதும்.

மற்றவர்களைப் பற்றியே பேசிவிட்டு இறங்கினால் நான் நேர்மையற்றவனாவேன். என் மச்சானோடு ஒரு வீட்டுமனை விஷயத்தில் மனத்தாங்கல் ஏற்பட்டு, நாங்கள் ஆறு ஆண்டுகள் பேசாமல் இருந்தோம். ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாள்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகுமானதன்று, இருவரில் முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்ற ஹதீஸை அந்த ஆறு ஆண்டுகளில் இதே மிம்பரில் எத்தனை முறை ஓதியிருப்பேன்! ஓதும்போதெல்லாம் நெஞ்சு குத்தும். நான் முதலில் போனால் குற்றம் என்னுடையது என்றாகிவிடுமே என்று நஃப்ஸ் வாதாடும். ஹஜ்ரத்தே இறங்கி வந்துவிட்டார் என்று ஊர் பேசுமே என்றும் தோன்றும். அபூதாலிபின் தலைமாட்டில் இருந்த அந்த இருவர் என் தலைமாட்டிலும் இருந்தார்கள்.

பெரிதாக எதையும் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை. குறைவாயினும் நிலையாகச் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்ற நபிமொழியைப் பற்றிக்கொண்டு, சென்ற ரமளானில் ஒரு வெள்ளிக்கிழமை தொலைபேசியில் அழைத்தேன். ஸலாம் சொன்னேன். பதில் வந்தது. அக்காவின் உடல்நிலையை விசாரித்தேன். ஒரு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. அடுத்த வெள்ளியும் அழைத்தேன், அதற்கடுத்த வெள்ளியும்.

மனைப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. மச்சான் இன்னும் என் வீட்டுப் படி ஏறவில்லை. ஆனால் சென்ற வெள்ளியன்று நான் அழைப்பதற்கு முன்பே அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. குத்பாவுக்காகப் பள்ளிக்குள் வந்துவிட்டதால் அப்போது எடுக்க இயலவில்லை. தொழுகை முடிந்து நானே திரும்ப அழைத்தேன்.