வெட்டாமல் விரிக்கும் குடல் சிகிச்சை

காசநோய் என்றதும் பெங்களூரில் வாழும் நமக்கு 1959இல் இங்கே தோன்றிய தேசியக் காசநோய் நிறுவனம் நினைவுக்கு வரும். அந்நோயை நாம் நுரையீரலோடு மட்டுமே சேர்த்து எண்ணுகிறோம். அது குடலையும் பற்றும். புண் ஆறித் தழும்பேறும்போது குடல் குறுகும். குரோன் நோயும் இவ்வாறே செய்யும். நியூயார்க்கில் குரோன் என்னும் மருத்துவரும் தோழர் இருவரும் 1932இல் விவரித்த நோய் அது. உடலின் காப்புச் சக்தி நெறி பிறழ்ந்து குடலையே புண்ணாக்குவது. இரண்டும் பெரும்பாலும் சிறுகுடலின் கடைப்பகுதியையே நாடுவதால் தேர்ந்த மருத்துவரையும் மயக்கும். குரோன் நோய்க்குத் தரும் சில மருந்துகள் காசநோயைக் கிளறிவிடும். ஆகவே, நேயர்களே, திசுச் சோதனை வேண்டுமென்றால் தட்டாதீர்கள்.

குடல் குறுகினால் உண்டபின் வயிறு இழுத்துப் பிடிக்கும், இரையும், உப்பும், வாந்தி வரும். நோயாளி அஞ்சி அஞ்சி உணவைக் குறைத்து மெலிவார். வீக்கத்தால் வந்த குறுக்கம் மருந்துக்கு இளகும். தழும்பால் வந்தது இளகாது. முன்னாளில் அப்பகுதியை வெட்டியெறிந்து இரு முனைகளையும் இணைப்பதே வழக்கம். ஆனால் குரோன் நோய் திரும்பி வருவது, அதுவும் பெரும்பாலும் இணைத்த இடத்திலேயே. மூன்று நான்கு முறை வெட்டப்பட்டவரிடம் எஞ்சுவது எவ்வளவு? ஏறக்குறைய 20 அடிச் சிறுகுடல் 6 அடிக்கும் குறைந்துவிட்டால் உண்ட சத்து உடலில் சேர்வது அரிது. சிலர் இரத்தக் குழாய் வழியே செலுத்தும் உணவை நம்பி வாழ நேரும்.

வெட்டாமல் விரிக்கும் வழியைக் காட்டியவர்கள் நம் நாட்டவர் என்பதைப் பலர் அறியார். சண்டிகரில் கடாரியாவும் துணைவர்களும் காசநோயால் குறுகிய குடல்களில் அதனைச் செய்து 1977இல் வெளியிட்டனர். ஆக்ஸ்போர்டில் லீ அதையே குரோன் நோய்க்குக் கையாண்டு 1982இல் எழுதினார். ஸ்டிரிக்சர்பிளாஸ்டி என்பது அதன் பெயர். குறுகிய இடத்தில் நீளவாக்கில் கீறி, விளிம்புகளை விரித்துக் குறுக்குவாக்கில் தைப்பார்கள். நீளம் சற்றுக் குறையும், வழி அகலும். ஒரே அமர்வில் பல இடங்களில் இதனைச் செய்யலாம். நோயுற்ற திசுவில் தையல் நிற்குமா என்று முதலில் ஐயுற்றனர். பெரும்பாலும் நன்றாகவே ஆறுகிறது. நான்கு விரற்கடைக்கு மேல் நீண்ட குறுக்கத்திற்கு வேறு தையல் முறைகள் உண்டு. மிக்கெலாசி 1996இல் விவரித்தது அவற்றுள் ஒன்று. குடல் ஓட்டையாகிச் சீழ் கட்டியிருந்தாலோ, புற்றுநோய் என்ற ஐயம் எழுந்தாலோ வெட்டுவதே முறை.

எஞ்சிய குடல் எவ்வளவு என்பதை அறுவையன்றே அளந்து எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள். அடுத்த மருத்துவர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.