முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்
(பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை. நற்செய்தி: லூக்கா 14:25-33)



பேருந்தில் போகும்போது இப்படியொரு வீட்டை நாம் எல்லாருமே பார்த்திருப்போம். தூண்கள் எழும்பி நிற்கும். மேலே கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும். ஜன்னல் வைக்கவேண்டிய இடத்தைச் செங்கல் அடுக்கி அடைத்திருப்பார்கள். "பாவம், தொடங்கிவிட்டார்கள், முடிக்க முடியவில்லை" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். இன்றைய நற்செய்தியில் இயேசு காட்டுவதும் இதே காட்சிதான். கோபுரம் கட்ட நினைப்பவர், முடிப்பதற்கு வேண்டியது தம்மிடம் உள்ளதா என்று முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும் என்கிறார். போருக்குப் புறப்படும் அரசரையும் அவர் உட்காரத்தான் சொல்கிறார். எழுந்து ஓடுவதற்கு முன் உட்காரவேண்டும். அதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

அண்மையில் நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்தார். ஜெர்மனியில் வேலை பார்க்கிறார், விடுமுறைக்கு வந்திருந்தார். மனைவியும் நான்கு வயது மகளும் உடன் வந்தார்கள். "ஃபாதர், ஒரு சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் ஆசீர் வேண்டும்" என்றார்.

டிரான்ஸ்கான்டினென்டல் என்பது அந்தப் பந்தயத்தின் பெயர். ஐரோப்பாவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். நம் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனைச் சேர்ந்த மைக் ஹால் என்பவர் 2013இல் தொடங்கினார். முதல் பந்தயம் லண்டனிலிருந்து இஸ்தான்புல் வரை நடந்தது. பிறகு பல ஆண்டுகள் பெல்ஜியத்தின் ஹெரார்ட்ஸ்பெர்கன் என்ற ஊரில் தொடங்கியது. அங்கே கல் பாவிய செங்குத்தான மேடு ஒன்று உண்டு. அதன் உச்சியில் நம் அன்னை மரியாவின் சிற்றாலயம் நிற்கிறது. 2025இல் தூய யாக்கோபின் திருத்தலம் உள்ள சந்தியாகு தெ கொம்போஸ்தெலாவில் புறப்பட்டு, ருமேனியாவின் கருங்கடல் கரையில் முடிந்தது.

இதில் நாளுக்கு நாள் ஓய்வு கிடையாது. புறப்பட்ட நொடியிலிருந்து கடிகாரம் நிற்பதில்லை. தூங்கும் நேரமும் கணக்கில் சேரும். பின்னால் கார் வராது, சமையற்காரர் வரமாட்டார். இடையில் சில நிலையங்களைத் தொட்டுச் செல்லவேண்டும். மற்றபடி எந்தச் சாலை என்பதை அவரவரே முடிவு செய்கிறார்கள். பெட்ரோல் பங்க் கடையில் ரொட்டி வாங்கித் தின்று, பேருந்து நிழற்குடையில் படுத்து எழுந்து போகிறார்கள். முன்னணியில் வருபவர்கள் நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர் அளவுக்கு மிதிக்கிறார்கள். 2019இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபியோனா கோல்பிங்கர் என்ற 24 வயதுப் பெண், பல்கேரியாவின் பூர்காஸிலிருந்து பிரான்சின் பிரெஸ்ட் வரை பத்து நாள்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கடந்து, ஆண்கள் எல்லாரையும் முந்தி முதலாவதாக வந்தார்.

இதையெல்லாம் கேட்டதும் நாம் என்ன செய்தோம்? சிரித்துவிட்டோம். "வேலை, குடும்பம் எல்லாம் இருக்கும்போது இது எதற்குத் தம்பி?" என்று சொல்லிவிட்டோம். அவர் முகம் வாடிவிட்டது. உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சொல்லும் ஆண்டவரின் பணியாளர், கணக்கே பார்க்காமல் தீர்ப்புச் சொன்னது தவறு என்று அப்போது உறைக்கவில்லை. உறைக்க வைத்தவர் அவருடைய மனைவி. மெதுவாகச் சொன்னார்: "போக வேண்டாம்னு நான் சொல்லலை ஃபாதர். அவர் தனியாப் போறேங்கிறார். ஆனா அந்தப் பதினைஞ்சு நாளும் போன்ல ஒரு புள்ளி நகருதான்னு நாங்க பார்த்துக்கிட்டே இருப்போம். அதை எந்தக் கணக்குல எழுதுறது?"

போட்டியாளர் ஒவ்வொருவரும் இருப்பிடம் காட்டும் கருவி ஒன்றைக் கொண்டுசெல்கிறார்கள். அதைத்தான் அவர் 'புள்ளி' என்றார்.

அன்புக்குரியவர்களே, அவரவர் கணக்கில் எழுத மறந்துபோகும் வரி இதுதான். அந்த இளைஞர் கணக்குப் பார்க்காமல் வரவில்லை. சைக்கிளுக்கு எவ்வளவு, விடுப்பு எத்தனை நாள், எவ்வளவு பயிற்சி என்று எழுதிவைத்திருந்தார். உடல் தரும் விலையும் அவருக்குத் தெரியும். கைப்பிடியை நாள்கணக்கில் அழுத்திப் பிடிப்பதால் நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போகும். குதிகால் தசைநாண் வீங்கும். சிலருக்குக் கழுத்துத் தசை தளர்ந்து தலையே நிமிராது. தூக்கம் கெட்டால் இல்லாதது கண்ணில் தெரியும். இவையெல்லாம் அவர் கொடுக்கும் விலை. வீட்டில் இருப்பவர்கள் கொடுக்கும் விலைக்கு அவருடைய தாளில் இடமில்லை.

அந்த விலை சிறியதும் அன்று. இந்தப் பந்தயத்தைத் தொடங்கிய மைக் ஹால், 2017 மார்ச் 31 அன்று ஆஸ்திரேலியாவில் இதுபோன்ற இன்னொரு பந்தயத்தில், கான்பெரா அருகே விடியுமுன் கார் மோதி இறந்தார். அதே ஆண்டு டிரான்ஸ்கான்டினென்டலின் முதல் இரவிலேயே ஒரு போட்டியாளர் வாகனம் மோதி உயிரிழந்தார். இருவரும் அனுபவமில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. சாலை யாருக்கும் உறுதி கொடுப்பதில்லை. நாம் அச்சமூட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கணக்கு என்றால் முழுக் கணக்காக இருக்கவேண்டும்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: "தந்தை, தாய், மனைவி, பிள்ளைகளுக்கும் மேலாகத் தம்மை நேசிக்காதவர் சீடராக இருக்க முடியாது என்று இயேசு இதே பகுதியில் சொல்கிறாரே?" உண்மைதான். ஆனால் அவர் அந்த இடத்தைத் தமக்கு மட்டுமே கேட்கிறார். நம் ஆசைகளுக்கும் சாதனைகளுக்கும் அந்த இடத்தைக் கொடுக்கச் சொல்லவில்லை. குடும்பத்தை ஓரங்கட்டிவிட்டு அதைத் துறவு என்று பெயரிட்டுக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

அப்படியானால் இத்தகைய முயற்சியே வீணா? இல்லை. திருத்தூதர் பவுலே பந்தயத்தில் ஓடுபவரை எடுத்துக்காட்டி, உடலை அடக்கிப் பழக்குவதைக் கொரிந்தியருக்குப் பாராட்டி எழுதினார். கேட்கவேண்டிய கேள்வி, எதற்காக என்பது. இத்தாலிய வீரர் ஜீனோ பார்த்தலி 1938இல் பிரான்சு நாட்டுச் சைக்கிள் பந்தயத்தை வென்றவர், பக்தியுள்ள கத்தோலிக்கர். போர்க்காலத்தில் அவர் பயிற்சி என்று சொல்லிக்கொண்டு நீண்ட தூரம் மிதித்தார். சைக்கிள் குழாய்க்குள் யூத மக்களைக் காப்பதற்கான போலி அடையாளத் தாள்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. உயிரோடு இருந்தவரை அதைப் பெருமையாகப் பேசவில்லை. பார்ப்பவர்களுக்கு அது வெறும் பயிற்சி. அவருக்கோ அந்தத் தூரத்துக்கு ஒரு பொருள் இருந்தது.

இன்னொன்றையும் அந்த இளைஞரோடு சேர்ந்து எண்ணிப்பார்த்தோம். 'பிறர் உதவியின்றி' என்பது இந்தப் பந்தயத்தின் உயிரான விதி. ஆனால் அதன் பொருளைக் கவனியுங்கள். கடையில் வாங்கலாம், விடுதியில் தங்கலாம், பழுது பார்ப்பவரிடம் போகலாம். எல்லாருக்கும் திறந்திருப்பதை யாரும் பயன்படுத்தலாம். உங்களுக்கு மட்டும் தனியாக வரும் உதவிதான் கூடாது. அப்படியானால், தனியாகப் போகிறவர்கூட வழிநெடுக யாரோ சுட்ட ரொட்டியைத் தின்றுதான் போகிறார். யாரோ போட்ட சாலையில்தான் போகிறார். யாருக்கும் கடன்படாத பயணம் என்று ஒன்று இல்லை.

எலியாவை நினைத்துப் பாருங்கள். பாலைநிலத்தில் ஒரு நாள் நடந்து, சூரைச்செடியின் அடியில் சோர்ந்து படுத்தார். சாவே போதும் என்றார். வானதூதர் அவரைத் திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் காட்டினார். ஒருமுறை உண்டு மீண்டும் படுத்தவரை இரண்டாம் முறையும் எழுப்பினார். உன் சக்தியால் முடிகிற தூரம் அல்ல இது என்று உணர்த்தினார். அந்த உணவின் வலிமையால் எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்தார். நாம் நற்கருணையை வழியுணவு என்று அழைப்பது இதனால்தான். அது ஒருவருக்கு மட்டும் ஒளித்துவைத்த உதவி அல்ல. எல்லாருக்கும் திறந்திருக்கும் பந்தி. கணக்குப் பார்க்கும் நாம், கையில் இருப்பதோடு கொடுக்கப்படுவதையும் எழுதவேண்டும்.

அன்று அந்த இளைஞருக்கு நாம் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, ஒரு தாளை எடுத்துக்கொள். நீ கொடுக்கப்போகும் விலையை நீ எழுது. அவர் கொடுக்கும் விலையை அவரே எழுதட்டும். எதற்காகப் போகிறாய் என்று மூன்று வரிக்குள் எழுது. எந்த நிலை வந்தால் நிறுத்திவிடுவாய் என்பதை வீட்டில் உட்கார்ந்தே முடிவு செய். மூன்றாம் நாள் இரவில் தூக்கக் கலக்கத்தில் முடிவு செய்யாதே." அந்தப் பந்தயத்தில் ஒவ்வோர் ஆண்டும் பலர் பாதியில் விலகுகிறார்கள். சரியான நேரத்தில் விலகுவது இழிவு அல்ல. நற்செய்தியில் வரும் அரசரும் தம் படை போதாது என்று கண்டால் சமாதானத்துக்குத் தூது அனுப்புகிறார். அவரை இயேசு கோழை என்று சொல்லவில்லை.

அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆனால் இப்போது இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று தெரிவித்திருக்கிறார். போனாலும் போகாவிட்டாலும் அந்தக் குடும்பத்துக்கு இதுவே பெரிய நன்மை.

நம்மில் யாரும் ஐரோப்பாவைச் சைக்கிளில் கடக்கப் போவதில்லை. ஆனால் வீட்டுக்கடன் வாங்குகிறோம். வளைகுடாவுக்குப் புறப்படுகிறோம். மகளுக்கு வரன் பார்க்கிறோம். துறவறத்துக்குப் பிள்ளையை அனுப்புகிறோம். அப்போதெல்லாம் நம் கணக்கில் மற்றவர் கொடுக்கும் விலைக்கு ஒரு வரி இருக்கிறதா? கடவுள் கொடுக்கும் அப்பத்துக்கு ஒரு வரி இருக்கிறதா? இந்த வாரம் ஒரு மாலையில் குடும்ப செபம் முடிந்ததும், வீட்டார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து இந்த இரண்டு கேள்வியையும் கேட்டுப்பாருங்கள்.

இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலுள்ள மலையில் கிசால்லோ அன்னையின் ஆலயம் இருக்கிறது. 1949இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்த அன்னையைச் சைக்கிள் வீரர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். அந்த அன்னையிடம் வேண்டுவோம்.

அன்புத் தாயே, சாலையில் இருப்பவர்களையும், அவர்கள் வரவுக்காக வாசலில் காத்திருப்பவர்களையும் உம் மகனிடம் ஒப்படையும். தொடங்குமுன் உட்காரும் ஞானத்தையும், தொடங்கியபின் தளராத மனத்தையும், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தும் தாழ்ச்சியையும் எங்களுக்குப் பெற்றுத் தாரும். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.