அடிப்பிடித்த பாத்திரம்

அடுப்பிற் பால் காய்ந்துகொண்டிருக்கிறது. படலையடியில் தபாற்காரர் மணி அடிக்கிறார். இல்லத்தலைவி வெளியே சென்று, கடிதத்தை வாங்கி, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பும்போது தீய்ந்த வாடை வீடெங்கும் பரவிவிட்டது. பாலைக் கொட்டிவிடலாம், பாத்திரத்தை என்ன செய்வது? அது கிணற்றடிக்குப் போகிறது. அங்கே வீட்டின் இளைய மகளோ, உதவிக்கு வரும் பெண்ணோ மணலும் இரும்புத் தகடும் கொண்டு அதனோடு போராடுகிறாள். கரி முற்றாகப் போகாவிடின் ஏச்சும் அவளுக்கே. பாலை மறந்தவர் ஒருவர். ஏச்சு வாங்குபவர் வேறொருவர்.

இது நீதியற்றது என்பது ஒருபுறமிருக்கட்டும். அவ்வளவு பாடுபட்டுச் சுரண்டுவதனாற் பாத்திரத்துக்குக் கேடே விளைகிறது. சுரண்டிய இடத்தில் நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. அடுத்த முறை சோறும் பாலும் அக்கீறல்களையே பற்றிக்கொள்கின்றன. ஒருமுறை முரட்டுத்தனமாகச் சுரண்டப்பட்ட பாத்திரம் அதன்பின் அடிக்கடி அடிப்பிடிப்பதன் காரணம் இதுவே.

விளக்குதல் என்னும் சொல் பாடத்துக்கும் பாத்திரத்துக்கும் பொதுவானது. இரண்டிலும் எதிரே இருப்பது இன்னதென்று அறியாமல் வேலையைத் தொடங்குவது வீண். ஆகவே, தும்பைக் கையில் எடுக்குமுன் பாத்திரம் எதனாற் செய்யப்பட்டது என்று பார்த்தல் வேண்டும்.

பால் தீய்ந்த பாத்திரம் கறையில் உருக்காயின் கவலையில்லை. சூடு தணிந்தபின் கரி மூழ்கும் அளவுக்கு நீர் ஊற்றி, இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடா இட்டு, மெல்லிய தீயிற் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, இரவு முழுவதும் அப்படியே வைத்துவிடலாம். கரிப்படை நீரை உறிஞ்சித் தளர்ந்துவிடும். காலையில் மரஅகப்பையாற் தள்ளினாற் பெரும்பகுதி ஏடாகக் கழன்று வரும். கொதிக்கும் பாத்திரத்திற் குளிர்நீரைச் சட்டென்று ஊற்றுதல் மட்டும் கூடாது. அடி நெளிந்துவிட்டால் அது பின்னர் அடுப்பிற் சமமாக இராது. சூடு ஓரிடத்திற் குவிந்து மீண்டும் அடிப்பிடிக்கும்.

அதே அப்பச்சோடாவை அலுமினியப் பாத்திரத்திற் கொதிக்கவைத்தால் அது கறுத்துப்போகும். அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய காப்புப்படை உண்டு. சோடா, சாம்பல் முதலிய காரப்பொருள்கள் அதை அரிப்பவை. மண்சட்டியைச் சாம்பலால் விளக்கிப் பழகிய முதியோர் அலுமினியத்தையும் அவ்வாறே தேய்த்து, அது கறுப்பதைக் கண்டு பாத்திரம் போலியென்று கடைக்காரரை நொந்துகொள்வதுண்டு. பாவம், கடைக்காரர்! அலுமினியத்துக்கு வேண்டியது புளிப்பு. பழப்புளியோ, பிழிந்த தேசிக்காய்த் தோலோ இட்டு நீரைக் கொதிக்கவைத்தால் கறுப்பு நீங்கும்.

இருப்புத் தாச்சியின் இயல்பு வேறு. அதை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்தாற் காலையிற் துரு வரவேற்கும். வெந்நீர் விட்டுச் சிறிது நேரத்தில் தும்பினால் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போக உலர்த்தி, எண்ணெய் தோய்ந்த துணியால் மெல்லத் துடைத்து, மேலும் சிறிது சூடாக்க வேண்டும். அப்பொழுது எண்ணெய் இறுகி இரும்பின் மேல் ஒரு கரிய, வழவழப்பான படையாகிறது. பழகிய தாச்சியில் தோசை ஒட்டாமல் எழும்புவது இப்படையினாலேயே. இதற்கு நல்லெண்ணெய் ஏற்றது. தேங்காயெண்ணெய்க்கு இறுகும் தன்மை மிகக் குறைவு. அது பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். பல ஆண்டுகள் பழகிய தாச்சியின் கருமையை அழுக்கென்று எண்ணிப் புதுமருமகள் வெள்ளையாகத் தேய்த்துவிட்டால், மாமியார் கோபிப்பதில் ஓரளவு நியாயமுண்டு.

மண்சட்டிக்குச் சவர்க்காரம் ஆகாது. அதன் நுண்துளைகள் சவர்க்காரத்தை உறிஞ்சி, மறுநாட் குழம்பிற் கக்கும். சாம்பலும் பொச்சும் அதற்குப் போதும். புதிய சட்டியாயின் முதலில் நீரில் ஊறவைத்துப் பின்னர் கஞ்சி காய்ச்சினால், கஞ்சியின் மாப்பொருள் துளைகளை அடைத்துவிடும்.

இக்காலத்து ஒட்டாத் தாச்சியின் பூச்சு 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் தற்செயலாகக் கண்டறியப்பட்ட ஒரு பொருளாலானது. அதை வெறுமையாக அடுப்பில் வைத்து மறந்துவிடலாகாது. ஏறத்தாழ 260 பாகை செல்சியசைக் கடந்தாற் பூச்சுச் சிதையத் தொடங்கும். அளவு மீறிச் சூடேறும்போது எழும் புகை கூண்டுக் கிளியைக் கொல்லவும் வல்லது. உலோக அகப்பையும் இதற்குப் பகை.

பித்தளைப் பாத்திரத்தின் உட்புறப் பூச்சிற் கூடிய விழிப்பு வேண்டும். அங்கே பூசப்படுவது வெள்ளீயம். அது 232 பாகை செல்சியசில் உருகிவிடுவதால் அப்பாத்திரத்தையும் வெறுமையாகச் சூடாக்கலாகாது. பேச்சில் வெள்ளீயமும் காரீயமும் ஈயம் என்றே வழங்கும். ஆனாற் காரீயம் நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. மலிவுக்காகக் காரீயம் கலந்து பூசுவாரும் உளர். பூசியபின் கண்ணாற் பார்த்து அறிதல் அரிது. ஆதலாற் பூச்சு வேலையை நம்பிக்கையான ஒருவரிடமே ஒப்படைத்தல் வேண்டும். பூச்சுத் தேய்ந்து மஞ்சள் உலோகம் தெரியும் பாத்திரத்தில், மறுபடி பூசும் வரை, புளிக்குழம்பு வைத்தலும் தயிர் உறையவிடுதலும் ஆகா.